அவள் படலத்தின் சிவப்பு ஒளி

நானும் என்னோடு வேலை பார்க்கும் அவளும் தினமும் திருநின்றவூரில் ரயிலின் ஒரே பெட்டியில் ஏறுவோம், மதியம் சோற்றைப் பகிர்ந்து தின்போம். ஆனாலும் அவளுக்கு ஒரு நல்லது நடந்தால் எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

திருவள்ளூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இருவரும் இயற்பியல் ஆசிரியைகள். குறைகடத்தி எனும் செமிகண்டக்டரின் மெல்லிய படலத்தின் மேல் லேசர் அடித்து, அது உமிழும் ஒளியை அளப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்று புது ஆய்வகம் கட்டித்தர ஒப்புக்கொண்டது. யாருடைய ஆய்வு முடிவு சோதனையில் நிற்கிறதோ அவருக்கே ஆய்வகப் பொறுப்பு என்றார் துறைத்தலைவர். அடேயப்பா, எத்தனை வருடம் அதற்காகக் காத்திருந்தேன்!

அந்த நேரம் பார்த்து அவள் படலம் சிவப்பாக ஒளிர்ந்தது.

"அக்கா, நாளைக்கு எல்லார் எதிர்லயும் காட்டணும். நீ ஒருதபா பாத்துடேன்" என்று திரையைக் காட்டினாள்.

பார்த்ததும் மனசு துள்ளியது. எங்கள் லேசரின் அலைநீளத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கில் இருந்தது அந்த ஒளி. அப்படி வந்தால் பெரும்பாலும் அது படலத்தின் ஒளியே அல்ல. அளக்கும் கருவிக்குள் லேசரே நுழைந்து, இரட்டை அலைநீளத்தில் காட்டுகிற போலி. எங்கள் தொழிலில் ஒருமுறையாவது இதில் ஏமாறாதவர் கிடையாது. மாட்டினாயடி மகளே என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் கீது" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் எல்லோரும் கூடியிருக்கும்போது, அது போலி என்று காட்ட எழுந்தேன். லேசரை மட்டும் தடுக்கும் கண்ணாடியைக் கருவியின் வாயில் வைத்தேன். போலி என்றால் மறைந்துவிட வேண்டும். மறையவில்லை. கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். வேறு கண்ணாடி மாற்றினேன். பாழாய்ப்போன சிவப்பு அசையாமல் அங்கேயே இருந்தது. துறைத்தலைவர் கைதட்டினார். ஆய்வகம் அவளுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

திரும்பும்போது ரயிலில் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னாக்கா, மூஞ்ச தூக்கி வச்சிக்கினு வர?" என்று சிரித்தாள். "அந்தக் கண்ணாடிய நான் அப்பவே போட்டுப் பாத்துட்டேன். நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீ சும்மா வுடமாட்டேன்னு தெரியும், அதான் ஒனக்குக் காட்னேன். ஒன்னாலயே முடியலன்னா அப்பறம் எவன் வந்து கேக்கப்போறான்?"

பிறகு, மதியம் நான் தொடாமல் விட்ட தன் வீட்டுப் புளிச்சோற்றை எடுத்து நீட்டினாள். பசி தாங்காமல் தின்றேன். நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.