இரண்டு எல்லைகளுக்கு நடுவே பஞ்சர் அத்தை

உலகத்தை ஆண்ட சக்கரவர்த்திகள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் என் அத்தையை உட்கார வைத்தால், அவர்கள் அந்தரத்தில் தொங்குவார்கள். அத்தை பஞ்சர் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய சாம்ராஜ்யம், மதகுக்கும் ரோடு பிரியும் இடத்துக்கும் நடுவில் நாற்பது வீடு.

கல்குவாரிக்கு வேலைக்கு வந்தவர்கள், குவாரி மூடிய பிறகும் போக்கிடம் இல்லாமல் தங்கிவிட்ட இடம் இது. கிழக்கு டவுன் அளந்துகொண்டே வந்து மதகோடு நின்றுவிட்டது. மேற்கு டவுன் ரோடு பிரியும் இடத்தோடு சரி. நடுவில் மிச்சம் விழுந்தவர்கள் நாங்கள். குப்பை கொட்ட மட்டும் இரண்டு டவுன் லாரியும் எல்லை தாண்டி வரும்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட எங்களுக்கு ஒரு முறை உண்டு. மதகுக்கு அந்தப் பக்கம் இருக்கிறோம் என்று பொய் சொல்லிவிட்டு, ஆளைத் தூக்கிக்கொண்டு மதகைத் தாண்டி ஓட வேண்டும். போன மாதம் மாமாவுக்கு நெஞ்சு வலித்தபோது, பதற்றத்தில் அத்தை உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டாள்.

"அது எங்க எல்லை இல்லம்மா, மேற்கே கேளுங்க."

மேற்கே கேட்டால், "கிழக்கே கேளுங்க."

"நெஞ்சுல எந்தப் பக்கம் வலின்னு கேக்காம விட்டீங்களே, புண்ணியமாப் போச்சு," என்று போனை வைத்தாள். பஞ்சர் ஒட்ட வந்த லாரியில் மாமாவைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். பிழைத்தார். இன்னொரு தடவை வலி வந்து இப்படித் தாமதமானால் ஆள் தேறமாட்டார் என்றார் டாக்டர்.

அத்தை கிழக்கு டவுன் ஆபீஸுக்குப் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"உங்களைச் சேத்துக்கிட்டா ரோடு கேப்பீங்க, தண்ணி கேப்பீங்க," என்றார் அதிகாரி.

"மூச்சும் கேப்போம் சார்."

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் பட்டப்பகலில் ஒரு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, மதகருகே இருந்த கிழக்கு டவுன் எல்லைப் பலகையைப் பிடுங்கி, நாற்பது வீட்டையும் தாண்டிக் கொண்டுபோய் நட்டேன். ஆம்புலன்ஸ் டிரைவர் வரைபடத்தையா பார்க்கப்போகிறார்? வெயிலில் குழி தோண்டுகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. ரோந்து வந்த போலீஸ்காரர் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

சாயங்காலம் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கடைக்குப் போனேன்.

"பலகை நடந்து வந்திருக்கு, பாத்தியா?" என்றாள் அத்தை.

"எந்தப் பலகை அத்தை?"

அத்தை ஒரு டயரை என் பக்கம் உருட்டிவிட்டாள். பிடித்ததும் உள்ளங்கை எரிந்தது. விட்டுவிட்டேன். என் கையைப் பிடித்துத் திருப்பினாள். நாலு விரலடியிலும் கொப்புளம்.

"விளையாட்டுக்குத்தான் அத்தை."

"விளையாட்டுக்குத் தோண்டுற மூஞ்சியாடா இது? மாமாகிட்ட சொல்லிடாத, அழுதுடுவாரு. குழி ஆழம் பத்தல, ஆட்டினா ஆடுது. போ, சிமெண்ட் வாங்கிட்டு வா."