அஞ்சம்மாள் நடத்திய நார்வே ஊர்வலம்

பெரிய மார்க்கெட்டில் கருவாடு விற்ற அஞ்சம்மாள் வாயைத் திறந்தால் ஊருக்கு வெளியே ரெட்டியார்பாளையத்தில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொள்ளும். அவளுக்குப் புருஷனாக வாய்த்ததோ வாயே திறக்காத ஊலாவ், நார்வே நாட்டுக் கப்பல்காரன். வயிற்றுக்கடுப்போடு ஆஸ்பத்திரியில் கிடந்தவனை விட்டுவிட்டு அவன் கப்பல் போய்விட்டது. எழுந்து நடந்தவன் நேரே மார்க்கெட்டுக்கு வந்தான். அஞ்சம்மாளின் கூடையிலிருந்த கருவாட்டை மோந்து பார்த்தான். அழுதுவிட்டான். அவன் ஊரிலும் மீனைக் கழியில் தொங்கவிட்டுக் காயவைப்பார்களாம்.

"கருவாட்ட மோந்துட்டு அழுவுற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றவள், அவனையே கட்டிக்கொண்டாள்.

பதினெட்டு வருஷம் அவன் ஒன்றும் கேட்டதில்லை. 1955-இல்தான் கேட்டான். மே பதினேழு அவன் நாட்டுத் திருநாள். பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள். மகள் சாந்தி அடுத்த மாதம் கல்யாணமாகிக் காரைக்கால் போகிறாள்.

"ஒரே வாட்டி அஞ்சா. அவ போறதுக்குள்ள அப்பன் ஊர் கொடியப் புடிச்சி நடக்கணும்."

தையல்காரர் தெய்வசிகாமணியிடம் பிரெஞ்சுக் கொடிகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடந்தன. போன நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போன பிறகு அவற்றைச் சீந்துவாரில்லை. அதே நீலம், அதே வெள்ளை, அதே சிவப்பு. சிவப்பின் நடுவே வெள்ளை விளிம்போடு நீலச் சிலுவை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்.

சாந்தி கொடி பிடிக்க, குப்பத்துப் பிள்ளைகள் பின்தொடர, ஊர்வலம் கடற்கரைச் சாலைக்கு வந்தது. காற்று கொடியைச் சுருட்டியது. சிலுவை மறைந்து மூன்று நிறங்கள் மட்டும் தெரிந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் தேவதாஸ் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். எதிர்ப்பக்கம் ஒருவன், "பிரெஞ்சுக்காரங்க திரும்பி வந்துட்டாங்கடோய்!" என்று அலறினான். கண்மூடித் திறப்பதற்குள் நாற்பது கடை சாத்தியாயிற்று.

ஏட்டு இராமதாஸ் கொடிக்கம்பைப் பிடித்தார்.

"இது நார்வேக் கொடி, ஏட்டய்யா" என்றாள் அஞ்சம்மாள்.

"எனக்கே காது குத்துறியா? மூணு கலரும் இருக்குது. கூடவே வெள்ளைக்காரன் வேற. நடங்க ஸ்டேஷனுக்கு!"

ஊலாவின் முகம் தொங்கிப்போயிற்று. சாந்தி கம்பை விடவில்லை. கண் மட்டும் நிறைந்தது. அஞ்சம்மாள் இடுப்புக் கூடையை இறக்கி மூடியைத் திறந்தாள். முழ நீளச் சுறாக் கருவாடு. எதிரே ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டு ஜன்னல்கள் ஏழும் படபடவென்று சாத்திக்கொண்டன.

"பாத்தியா? அது பிரெஞ்சு. இப்ப எங்க ஆளப் பாரு. யோவ், தின்னுய்யா!"

ஊலாவ் ஒரு துண்டைப் பச்சையாகவே கடித்து, கண்ணை மூடிச் சுவைத்தான். தேவதாஸின் சல்யூட் அடித்த கை மெல்ல இறங்கி மூக்கைப் பொத்தியது.

"இருபது வருஷம் அவங்க பட்டாளத்துல இருந்தவன் சொல்றேன். சத்தியமா இவன் பிரெஞ்சுக்காரன் இல்ல!"

கூட்டம் சிரித்தது. ஏட்டு கம்பை விட்டார். பாதிச் சுறாவை வாங்கிக்கொண்டு, விசில் ஊதியபடி முன்னால் நடந்து வழியும் விலக்கினார்.

அடுத்த மாதம் காரைக்கால் பஸ்ஸில் சாந்தியின் மடியில் அந்தக் கொடி இருந்தது. அதற்குள் அம்மா சுற்றித் தந்த மீதிச் சுறா. ஊர் போய்ச் சேரும்வரை, மாப்பிள்ளையைத் தவிர ஒருவரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.