மஸாஹிராவின் விண்கலமும் தலைப்பிறையும்

மருந்து உறையில் எழுதும்போது மஸாஹிரா பேனாவைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். "பென்சில் அழிஞ்சி போனா மருந்து மாறிரும் நானா" என்பாள். அலவத்துகொட மருந்துக் கடையில் பதினொரு வருடமாக நிற்கும் என் தங்கை, வீட்டுச் சீனி டப்பாவிலும் திகதி எழுதி ஒட்டுகிறவள்.

அவளுடைய இன்னொரு உலகம் 'தூரக்கரை' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர். அறுபத்து நான்கு பாகங்கள். எந்தப் பாகத்தில் எந்தக் கோளில் இறங்கினார்கள் என்று கேட்டால், மாத்திரை எண்ணிக்கொண்டே சொல்வாள். அதன் ரசிகர்களை அழைத்து இந்த வருடம் முதல் தடவையாக ஒரு கூட்டம் வைத்தாள். வத்தேகமயில் டியூஷன் மண்டபம், நாற்பது கதிரை, ஞாயிறு காலை ஒன்பதரை, பகல் சோற்றுப் பார்சல். எல்லாம் பேனாவால் எழுதியாயிற்று. விண்கலத்து ஆட்களின் நீலச் சட்டை ஆறையும் நான் அளந்து தைத்தேன்.

ரமழான் நோன்பு தொடங்குவது திங்களன்றுதான் என்று கணக்குப் போட்டிருந்தாள். சனி மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வானொலியில் பிறை கண்ட செய்தி வந்தது. ஞாயிறே முதல் நோன்பு. வர இருந்தவர்களில் பாதிப்பேர் நோன்பாளிகள்.

"நச்சத்திரமெல்லாம் தெரிஞ்ச கெப்டனுக்கு பொறய தெரியல்லயே!" என்று அடுத்த வீட்டு அஸீமா மதிலுக்கு மேலால் சிரித்தாள்.

மஸாஹிரா சிரிக்கவில்லை. "இனி ஒருத்தரும் வரமாட்டாங்க நானா" என்று சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள். மூன்றாவது சட்டையில் நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். கூட்டம் பின்னேரம் மூன்றுக்கு, சாப்பாடு நோன்பு திறக்கும் நேரத்துக்கு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னாள். சமையற்காரரிடம் மட்டும் இரண்டு தடவை.

முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். வீரசிங்கம் ஹேவாஹெட்டயிலிருந்து காட்போர்ட் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பார்சல்கள் வந்து இறங்கியதும் மஸாஹிரா ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க சாப்புடுங்க. ஒங்கட கடைசி பஸ் போயிரும்."

"நீங்கல்லாம் பட்டினியா ஒக்காந்திருக்கப்ப எனக்கு மட்டும் எப்படிங்க எறங்கும்? பஸ்ஸு போனா வேன் புடிச்சிக்கிறேன்." பார்சலைத் தலைக்கவசத்துக்குள் வைத்து மூடினார்.

பள்ளிவாசலிலிருந்து நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. நீலச் சட்டைக் கைகளும் மற்றக் கைகளும் ஒன்றாக ஈச்சம்பழத் தட்டுக்கு நீண்டன.

"அடுத்த வருசம் எப்பங்க?" என்றார் வீரசிங்கம், வாயில் சோற்றோடு.

மஸாஹிரா பேனாவைத் திறந்தாள். மூடினாள். என் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, நிகழ்ச்சித் தாளின் அடியில் ஒரு திகதியை மெல்ல எழுதினாள்.