பாஸ்கு வந்தும் முடியாத தபசு

ஆண்டவர் உயிர்த்தெழுந்த அந்தப் பாஸ்குத் திருநாள் மதியம் பேண்டு மாஸ்டர் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மாஸ்டர், அவர் மனைவி, டிரம்பெட் ஊதும் அவர் மைத்துனர், வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், பெரிய டிரம் அடிக்கும் நான். பாஸ்குக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் முழுக்கக் கறி தொடாத ஊர், அன்று விடிந்ததிலிருந்து கறி வாசனையில் மிதந்துகொண்டிருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்பினபோது இலை போட்டாயிற்று. எங்கள் இலைகளில் ஆட்டுக்கறி. மாஸ்டர் இலையில் மட்டும் பருப்பும் முருங்கைக்கீரையும்.

"இன்னாபா, உடம்பு சரியில்லையா?" என்றார் சாமியார்.

"உடம்புக்கு ஒன்னுமில்ல சாமி. எனக்கு இன்னும் தபசு முடியல."

"ராத்திரி பூசைக்கு நீதானே கிளாரினெட் வாசிச்சே? ஆண்டவர் உயிர்த்துட்டார்னு ஊருக்கே ஊதிச் சொல்லிட்டு இப்ப இல்லைன்றியே!"

"அவர் உயிர்த்துட்டார் சாமி. நான் இன்னும் எழுந்துக்கல."

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் மனைவிக்கு வரவில்லை. "நல்லா கேளுங்க சாமி. பீடிய வுடறாராம், அதுக்குக் கறிய வுட்டுட்டாராம். ஊரே கறி துன்னுது, என் வூட்ல மட்டும் எழவு வுழுந்தாப்ல கீரை ஆயறேன்" என்று கரண்டியைக் கீழே வைத்தார். "மாமா, நீ பேசாம அங்கிய மாட்டிக்கினு சாமியாரா பூடு" என்றார் மைத்துனர், எலும்பைக் கடித்தபடி. "பண்டிகை நாளில் ஒருசந்தி இருக்கக் கூடாதுபா" என்று சாமியாரும் சொல்லிப் பார்த்தார். "ஒருசந்தி இல்ல சாமி, வயிறு நெறையத்தான் துன்றேன்" என்று மாஸ்டர் இன்னொரு கரண்டி பருப்பை ஊற்றிக்கொண்டார்.

நான் தலை தூக்காமல் சாப்பிட்டேன். பீடிக்கும் கறிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம் அது. பிரெஞ்சுக்காரர் பண்டிகைக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வாசித்த எங்கள் பேண்டு, ஆகஸ்டு பதினைந்துக்கும் அதே வாசலில் வாசித்தது. பாட்டுதான் வேறு, சம்பளமும் சாப்பாடும் அதேதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டிரம்மைத் தவிர வேறு தொழில் தெரியாது. மழை வருமோ, தோல் கிழியுமோ என்று எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். ஆனால் மாஸ்டரின் இருமலுக்குப் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை. பாகூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில், பாட்டு உச்சிக்குப் போகிற இடத்தில் அவருக்கு மூச்சு முட்டிக் குழல் நின்றுபோனது. நான் டிரம்மை ஓங்கி அடித்து மூடப் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவன் விடவில்லை. "இன்னா மாஸ்டர், கொழல்ல எலி பூந்துக்கிச்சா?" தெருவே சிரித்தது. டவுன் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, பீடி ஊது, இல்லையென்றால் பீப்பி ஊது, இரண்டையும் இந்த நெஞ்சு தாங்காது என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கப்புறம் மாஸ்டர் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். பீடிக்கட்டைக் கிணற்றில் போட்டார். பொழுது சாய்வதற்குள் கடைக்குப் போய் நின்றார். கிராம்பு மென்றார். தீப்பெட்டியை மனைவியிடம் கொடுத்துவைத்தார். அடுப்புக் கொள்ளியில் பற்றவைத்தார். காலையில் சத்தியம் செய்வார், ஒத்திகை முடிந்ததும் பீடி செருகும் மடியைத் தடவுவார். இதே மனிதர்தான் விவரம் தெரிந்த நாளிலிருந்து வருடா வருடம் தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று பீடியைக் கீழே வைத்துவிட்டுப் பாஸ்கு வரைக்கும் அதன் பக்கமே திரும்பாதவர். அந்த நாட்களில் கறி கிடையாது, கல்யாணம் கிடையாது, இந்துக்கள் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் குழலை எடுக்க மாட்டார். பீடி ஞாபகமே வராது என்பார்.

"மத்த நாள்ல நான் அத வுடணும். தபசுல அது தானா என்னை வுட்டுடுது" என்றார் பாஸ்குக்கு மூன்று நாள் முன்னால், அந்தப் பெரிய வியாழனன்று. "பாஸ்குக் கறி துன்னு கை கழுவினதும் கை தானா மடிக்குப் போவுது. அதான் இந்த வாட்டி தபச முடிக்கறதா இல்ல."

"எது வரைக்கும் மாஸ்டர்?"

"தெரியலடா. நீ பக்கத்துலயே இரு."

பாஸ்கு ராத்திரி, பூசை முடிந்து உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தைச் சுற்றிக் கொண்டுவந்து வைத்ததும், தூக்கினவர்களும் ஊதினவர்களும் கோயில் மதிலோரம் பீடியைப் பற்றவைத்தார்கள். மாஸ்டர் புகை நெடி ஏறாமல் துண்டால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு என் டிரம் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தோல் கிழிந்துவிடுமே என்று எனக்குப் பதறியது. ஆனாலும் அது ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பாஸ்கு முடிந்ததும் கல்யாண முகூர்த்தங்கள் வரிசை கட்டின. பந்தியில் மாஸ்டர் மோருஞ்சோறு கேட்பார். அபிஷேகப்பாக்கத்தில் பெண்ணைப் பெற்றவர், "எங்க வூட்டுக் கறி உனக்கு நாறுதா?" என்று சண்டைக்கே வந்தார். ஆனால் குழல் மாறிக்கொண்டு வந்தது. முதலில் இருமல் குறைந்தது. பிறகு பாட்டுக்கு நடுவில் அவர் திருட்டுத்தனமாக மூச்சு வாங்குவது நின்றது. மாதா திருவிழாவில் எங்களுக்குப் பின்னால் டவுன் பேண்டு ஒன்று வந்தது. தேர் தெருமுனை திரும்புகிற இடத்தில் இழுத்துப் பிடிக்கிற சுரத்தை மாஸ்டர் விடாமல் பிடித்தார். பின்னால் வந்தவர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

புகையை விட மனத்திடம் வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். மாஸ்டருக்கு அது கிடையாது. அவரும் அப்படித்தான் சொல்வார். தனக்கு எந்த இடத்தில் தெம்பு உண்டு என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். அதுவே போதும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஆனால் அப்படியே உட்கார்ந்திருக்க அவர் மனைவி விடவில்லை. திருவிழா முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரையும் கேட்காமல் கறி வாங்கிக் குழம்பு வைத்துவிட்டார். மாஸ்டர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது அவர் இலை முன்னால் உட்கார்ந்து, கறியைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீடிய வுடறவன் கறி துன்னுட்டும் வுடணும்யா. ஆயுசுக்கும் கீரை ஆய என்னால முடியாது. துன்னு" என்றார் மனைவி.

"கை மடிக்குப் போச்சுன்னா?"

"போனா போவட்டும். மடியில இன்னா இருக்குது, ஒன்னுமில்லையே."

அவர் தின்றார். முதல் துண்டை வெகுநேரம் மென்றார். குழம்பு ஊற்றிப் பிசைந்தார். சாப்பிட்டு எழுந்து, வாசலில் கை கழுவினார். ஈரம் சொட்டச் சொட்ட அந்தக் கை நேராக மடிக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. தெரு முனையில் பீடிக்கடை திறந்திருந்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் பார்த்தார்.

வேட்டி முனையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், மறுபடியும் இலை முன்னால் உட்கார்ந்தார்.

"இன்னாடி, எல்லாம் எலும்பாவே போட்டிருக்கே. சதையா ரெண்டு போடு."