மரியபுஷ்பம் அக்காவுக்கு ஒரு சீலை

என் அப்பா ஐயாக்கண்ணு சமைக்கக் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல். அதுவரை சேர்வராயன் மலையில், வாழவந்திக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி முப்பது நாற்பது அடி ஏறும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறவேண்டும். நான் எட்டாவது படித்த வருடம் ஏணி வழுக்கி விழுந்தார். சேலத்தில் மூன்று மாதம் கட்டுப்போட்டும் இடது கால் நேராகவில்லை. அதன்பின் அம்மா எஸ்டேட்டுக்குக் காப்பிப்பழம் பறிக்கப் போனாள்; அப்பா அடுப்படிக்குப் போனார்.

ஊரில் சிரித்தார்கள். குழாயடியில் தண்ணீர் பிடிக்க நின்றால் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

"ஏனுங்க மாமா, இன்னிக்கு என்ன கொழம்புங்க?"

"ஊட்டுக்கு வந்து தின்னு பாரு மாப்பள. நாளைக்கே உம் பொண்டாட்டிய எங்கிட்ட டியூசன் அனுப்புவே."

உண்மையில் நன்றாகத்தான் சமைத்தார். அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு ரசம், கட்டியில்லாத ராகிக் களி. மருத்துவமனையில் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சொல்லச் சொல்லக் கேட்டு வைத்துக்கொண்டதாகச் சொல்வார். வலி தெரியாமலிருக்க அதைத்தான் மனசுக்குள் சமைத்துப் பார்த்தாராம்.

எங்கள் வகையறாவில் முதலில் பட்டம் வாங்கியது நான். சேலத்தில் பி.காம் முடித்து, சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை கிடைத்து, வடபழனியில் பெண்கள் விடுதியில் சேர்ந்தேன். முதல் வாரம் போனில் அப்பா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, "சோறே எறங்கலப்பா" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்க கிண்டற களி மாதிரி ஒரு எடத்துலயும் கெடைக்கறதில்ல" என்றும் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூக்குப்போசி வந்தது. விடிவதற்கு முன் சமைத்து, முதல் பஸ்ஸில் மலைமேல் பஸ் நிற்கும் ஒண்டிக்கடைக்கு வந்து, அங்கே சேலம் பஸ் கண்டக்டர் மாதேஸ்வரனிடம் கொடுத்திருக்கிறார். மாதேஸ்வரன் சேலத்தில் சென்னை பஸ்காரரிடம் ஒப்படைத்திருக்கிறார். மதியம் மூன்று மணிக்கு நான் கோயம்பேட்டில் வாங்கிக்கொண்டேன். மூடியைத் துணியால் கட்டி, முடிச்சின் மேல் என் பெயர் எழுதிய தாளைக் கோணி ஊசியால் தைத்திருந்தார். பின்னாலேயே அம்மா போனில் வந்தாள். "பொண்ணுக்கு அனுப்பற கொழம்புல மட்டும் எண்ணெ மெதக்குது. எனக்கு ஊத்தறது குண்டான் கழுவுன தண்ணி."

அன்று அதைச் சாப்பிட்டேன். களி இறுகியிருந்தாலும் சாப்பிட்டேன். அறைத்தோழி மீனாட்சி எட்டிப் பார்த்து, "உங்க ஊர்ல இதத்தான் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. கேலியாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், எனக்கோ அந்தப் பழுப்பு உருண்டையைச் சட்டென்று கையால் மறைக்கத் தோன்றியது. மறைத்தேன்.

இரண்டாவது முறை வந்ததைப் பாதி சாப்பிட்டேன். மூன்றாவது முறை விடுதிவரை கொண்டுபோகவில்லை. பஸ் நிலையத்துக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டு, குழாயில் போசியைத் தேய்த்துக் கழுவி, அதே துணியில் கட்டி, திரும்பிப் போகும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒரு வருடம் இப்படி நடந்தது. மதியம் மூன்று மணி வெயிலில், கால் சரியில்லாத ஒரு மனிதர் இருட்டில் எழுந்து கிண்டிய களியைக் கொட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் பரோட்டா சாப்பிட்டேன். நான் என்ன பிறவி என்று யோசிக்காமல் இல்லை. யோசித்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"அப்பா, இனிமே அனுப்ப வேண்டாம். இங்க ஒரு மெஸ் கெடைச்சிருச்சு. சேலத்துப் பக்கத்து அக்கா ஒருத்தங்க நடத்தறாங்க. களி, கீரக் கடைசல், எல்லாம் நம்ம ஊட்டு ருசி."

"பேரு என்ன கண்ணு?"

கேட்பார் என்று நினைக்கவில்லை. கல்லூரி விடுதி வார்டன் பெயர்தான் வாயில் வந்தது. "மரியபுஷ்பம்."

அவருக்குச் சிரமம் வேண்டாமென்று செய்தேன் என்றுதான் அப்போது என்னிடமே சொல்லிக்கொண்டேன். சிரமம் வேண்டாமென்று நினைத்தது எனக்கு. கொட்டும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கும் சிரமம்.

ஒன்றை மட்டும் நான் மறந்திருந்தேன். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு வேறு வீட்டில் ஒரு வருடம் சோறு போட்டிருந்தால், அந்த வீட்டார் உறவு. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குச் சீலை வைத்து நேரில் அழைத்து, சொந்தக்காரர்களுக்கு முன்னதாகவே அவர்களுக்குத்தான் இலை போடவேண்டும். அப்படி அழைக்காமல் விட்டால் நன்றி கெட்ட வீடு என்ற பேச்சு வரும். இத்தனை தெரிந்து வளர்ந்தவள், இல்லாத ஒருத்தியை எனக்குச் சோறு போட வைத்தேன்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அக்காவுக்கென்று காப்பித்தூள் வந்தது. பொங்கலுக்கு மிளகு. எல்லாவற்றையும் விடுதிச் சமையல்கட்டில் கொடுத்தேன். "அக்கா என்ன சொன்னாங்க?" என்று தவறாமல் கேட்பார். "காரம் நல்லாருக்குன்னாங்க" என்பேன். ஒருநாள் பேச்சைச் சுருக்க நினைத்து, "அக்காவுக்கு முட்டிவலி, இன்னிக்கு வெரசா மூடிட்டாங்க" என்றேன். அடுத்த வாரம் முடவாட்டுக்கால் கிழங்கு ஒரு பை வந்தது. தோலைச் சீவி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம்போல் வைத்துக் குடிக்கவேண்டும் என்று போனில் இரண்டு முறை சொன்னார். நொண்டிக்கொண்டே போய் யாரிடம் அதைத் தேடி வாங்கினாரோ.

நான் சென்னைக்கு வந்த இரண்டாம் வருடம் சித்திரை முடியும்போது போன் வந்தது.

"சீல எடுத்தாச்சு சாமி. அரக்குக் கலரு. உங்கம்மா கட்டிப் பாத்து, 'எனக்கு இப்படியொண்ணு எடுத்தீங்களா'ன்னு ஒரு மூச்சு சண்டை. நான் நாளைக்கு வர்றேன்."

"அக்கா ஊர்ல இல்லப்பா. போன்ல சொல்லிக்கலாம்."

"போன்ல கூப்புட்டா அது அழைப்பு ஆவாது கண்ணு. இல்லீனா வர்ற வரைக்கும் இருக்கறேன்."

வந்தார். ஒரு தோளில் பை, மறு தோளில் சாக்கில் சுற்றிய முழுப் பலாப்பழம். ராத்திரி பஸ் ஏழு மணி நேரமும் அந்த வாசனையில் வந்திருக்கிறது. "பக்கத்து சீட்டுக்காரரு ரெண்டு மட்டம் எடம் மாறிட்டாரு" என்றார் சந்தோஷமாக.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. விடுதிக்குப் பின்தெருவில் பல மாதமாக மூடிக்கிடக்கும் ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "இதுதான். பாத்தீங்களா, பூட்டிருக்கு."

அப்பா ஷட்டரைப் பார்த்தார். பலாப்பழத்தை இறக்கி வைத்து, இடது காலை நீட்டிப் படியில் உட்கார்ந்தார்.

"சாயந்தரம் அடுப்புப் பத்த வெக்க வருவாங்கல்ல. நீ ஆபீசுக்குப் போ. நான் இருக்கறேன்."

"லீவு போட்டுட்டேன்பா."

பதினொரு மணிக்கு உட்கார்ந்தவர். சித்திரை வெயில் படியில் ஏறி வந்தபோது சுவரோரம் நகர்ந்தார். சீலைப் பையை மட்டும் மடியிலேயே வைத்திருந்தார், மண் படாமல். தெருவில் எந்தப் பெண் வந்தாலும் எழப் பார்த்தார். நடுத்தர வயதில் ஒரு அம்மாள் கையில் காய்கறிப் பையோடு எங்களை நோக்கி வந்தாள். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, கும்பிட்டார். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கடந்து போனாள்.

"அவங்க இல்லியா?" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அப்பா, அப்படி யாருமில்ல."

"எங்க போயிட்டாங்க?"

"எங்கயும் போகல. மெஸ்ஸே கெடையாது. நானாச் சொன்னது."

அவர் திரும்ப உட்கார்ந்தார். காப்பித்தூள், மிளகு, கிழங்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார், திட்டுவார். அவர் கேட்டது வேறு.

"அப்ப ரெண்டு வருசமா என்னத்தக் கண்ணு தின்னே?"

யோசித்து யோசித்துச் சொன்னேன். விடுதியில் காலையில் உப்புமா. மதியம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் தயிர்சாதப் பொட்டலம். காய்ச்சல் வந்தால் டீக்கடையில் பன். மனசு சரியில்லாத நாட்களில், பஸ் டிப்போ ஓரத்தில் தள்ளுவண்டி வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் இட்லி. சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது, அந்த வண்டிக்கு எத்தனை முறை போயிருக்கிறேன் என்று.

"மனசு சரியில்லாதப்ப அங்கயா போவே?"

"ம்."

"ஏன் அங்க?"

"தெரியலப்பா. சூடா இருக்கும். ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அப்பா சாக்கைத் தூக்கினார். "அப்ப சோறு போட்டது அவங்கதான். வா."

வண்டிக்காரம்மா செல்வி சாயந்தர வியாபாரத்துக்கு அப்போதுதான் முதல் தட்டு ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா பலாப்பழத்தை வண்டிக்குக் கீழே வைத்துவிட்டு, சீலையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அம்மிணி, வைகாசில சேர்வராயன் நோம்பி. குடும்பத்தோட வரோணுங்க."

செல்வி கரண்டியோடு நின்றார். "யாருங்க நீங்க? எதுக்குச் சேலை?"

"எம்புள்ளைக்கு ரெண்டு வருசமா இட்லி போட்டிருக்கறீங்க."

செல்வி என்னைப் பார்த்தார். நினைவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "தெனம் எரநூறு பேரு சாப்புடறாங்கய்யா. காசு வாங்கிட்டுத்தானே போட்டேன்."

"காசு இட்லிக்குக் குடுத்ததுங்க. நேரத்துக்குப் போட்டதுக்கு யாரு குடுத்தா?"

வாங்க மறுத்தார். அப்பா விடவில்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரர், "வாங்கிக்கக்கா, இட்லி ஆறுது" என்றார். செல்வி கையை முந்தானையில் துடைத்து வாங்கிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் நாலு நாலு இட்லி வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே அப்பா அவரிடம் பேச்சுக் கொடுத்தார், ஒரே தொழில்காரர்போல.

"நானும் சமைக்கறவன்தானுங்க. முதல் வருசம் பதனஞ்சு நாளைக்கொருக்கா பஸ்ஸுல அனுப்புவேன். ஒரு பருக்கை ஒட்டாம போசி திரும்பி வருமுங்க. அத்தன ஆசையாத் தின்னுச்சு புள்ள. பஸ் சூட்டுல அதுக்கு வவுறு ஏதாச்சும் ஆயிருமோன்னுதான், அது வேண்டாம்னதும் நானும் நிறுத்திக்கிட்டேன்."

கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். கொட்டியதைச் சொல்ல முடியவில்லை. அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒரு பொய்யை ஒத்துக்கொண்டதற்கே அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மற்றதையும் எதற்குச் சொல்லவேண்டும்? சொன்னால் என் மனசு லேசாகும், அவர் மனசு? இல்லை, சொல்லாமலிருப்பதற்கு நான் தேடும் காரணமா இது? கோயம்பேடு போகும்வரை இதையே யோசித்தேன். இப்போதும் எனக்குத் தீரவில்லை.

சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். இறங்கியவள் ஜன்னலுக்குக் கீழே நின்று சொல்லிவிட்டேன்.

"அப்பா, நீங்க அனுப்புனதையும் நான் தின்னல. கொட்டிட்டுத்தான் போசியக் கழுவி அனுப்புனேன்."

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"வழியில கெட்டுப் போயிருந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைத்தான் சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் வரவில்லை.

"இல்லப்பா. நல்லாத்தான் இருந்துச்சு."

"செரி" என்றார். விசில் கேட்டது. "தள்ளி நில்லு கண்ணு, வண்டி எடுக்கறாங்க."

வைகாசியில் திருவிழாவுக்குப் போனேன். செல்வி வரவில்லை, வருவார் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை. அப்பா மட்டும் அவருக்கு ஓர் இலை போட்டுக் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, பிறகு மற்றவர்களை உட்காரச் சொன்னார். வீட்டில் யாருக்கும் அவர் எதையும் சொல்லவில்லை என்பது அம்மாவின் பேச்சிலிருந்து தெரிந்தது. அவள் இன்னும் அரக்குச் சீலையைப் பற்றித்தான் அங்கலாய்த்துக்கொண்டிருந்தாள்.

குண்டானைத் தூக்கிக்கொண்டு அப்பா வரிசையாகப் பரிமாறி வந்தார். என் இலைக்கு முன்னால் வந்ததும் நின்றார். அதுவரை எத்தனையோ நாள் எனக்குச் சோறு போட்டிருக்கிறார். கேட்டதேயில்லை, தட்டு நிறையப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அன்று கரண்டியில் களியை எடுத்துவைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"வெக்கட்டுமா கண்ணு? வேண்டாட்டிச் சொல்லிரு, சோறும் இருக்குது."

"வையுங்கப்பா."

பாதி வைத்தார். குழம்பு ஊற்றினார். நான் ஒரு வாய் எடுத்துச் சாப்பிடும்வரை அங்கேயே நின்றார்.

"நல்லாருக்குதா?"

"நொம்ப நல்லாருக்குதுப்பா."

நிஜமாகவே நன்றாக இருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். நம்பினாரா என்று தெரியவில்லை. நம்ப வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன்.