லீவ் வேகன்சியில் ஒரு வருடம்

பி.எட். முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை லீவ் வேகன்சி. தொண்ணூறுகளின் நடுவில், கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப்பள்ளி. அங்கே தாவரவியல் எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் பிரசவத்துக்குப் போனவர், குழந்தைக்கு அடிக்கடி உடம்புக்கு வந்துவிடுகிறது என்று சம்பளமில்லாத விடுப்பை வருடக் கடைசிவரை நீட்டியிருந்தார். அவர் திரும்பி வந்தால் நான் சொந்த ஊரான தாராபுரத்துக்கு மூட்டை கட்ட வேண்டும். வராவிட்டால் அந்த இடம் எனக்கு. சேர்ந்த அன்றே தலைமையாசிரியை இதைச் சொல்லிவிட்டார். அதனால் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்மணியின் குழந்தை நன்றாக இருக்க வேண்டும், ஆனால் அந்த அம்மாள் மட்டும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

எங்கள் தாளாளருக்குக் கல்லூரி நடத்த ஆசை. அது கைகூடவில்லை என்பதால் பள்ளிக்கூடத்தையே கல்லூரி போல நடத்தினார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அறை, வாசலில் ‘துறை’ என்று பெயர்ப்பலகை. இயற்பியல் துறையில் நல்ல மின்விசிறி இருந்தது, அந்தக் கர்வமும் இருந்தது. வேதியியல் துறைக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய முடியும். கணிதத் துறையில் யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். தாவரவியலும் விலங்கியலும் ஒரே அறையில் குடித்தனம். ஒரு பக்கம் காய்ந்த செடிகள், மறுபக்கம் பாட்டிலில் பாம்பு, நடுவில் எங்கள் சாப்பாட்டு மேசை. சுற்றிலும் விசைத்தறிகள். கரண்ட் போனால் தறிச் சத்தம் நின்று, நாங்கள் கத்திக் கத்திப் பாடம் நடத்துவது எங்களுக்கே கேட்டு வெட்கமாகிவிடும்.

மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்ததும் மூடியில் அடுத்தவருக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். விலங்கியல் டீச்சர் கொண்டுவரும் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு மற்ற துறைகளிலிருந்தும் ஆள் வரும். “சும்மா வெச்சுக்குங்க அம்மணி, எளச்சுப் போயிருக்கறீங்க” என்று என் தட்டில் கொட்டுவார். நான் இளைத்தெல்லாம் போகவில்லை. வெளியாட்கள் யாராவது வந்தால் மட்டும், “இவங்க அவிங்களுக்குப் பதிலா வந்திருக்கறாங்க” என்று அதே வாயால் அறிமுகம் செய்வார். அந்த ‘பதிலா’ என் தொண்டையில் சாதத்தோடு சேர்ந்து இறங்கும். அவர் நல்ல மனுஷி. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

செய்முறைத் தேர்வு வந்தபோதுதான் அந்தப் பள்ளி முழுக்க என் பக்கம் திரும்பியது. தேர்வில் மாணவிகள் புதுப் பூவைப் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்காக ஆய்வகத்துக்குப் பின்னால் செம்பருத்தி வேலியை மாதக்கணக்கில் வளர்த்து வைத்திருந்தேன். எங்கள் பள்ளியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளரை வரவேற்பது தமிழ்த் துறையின் பொறுப்பு. தங்களுக்குச் செய்முறைத் தேர்வே கிடையாது, இதையாவது செய்வோமே என்று அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டது. வழக்கமாகக் கடையில் மாலை வாங்குவார்கள். அந்த வருடம் பாசம் அதிகமாகிவிட்டது. விடியற்காலையில் வந்து, நம் தோட்டத்துப் பூவே இருக்கட்டும் என்று ஒரு பூ விடாமல் பறித்து, வாழைநாரில் நெருக்கிக் கட்டிவிட்டார்கள்.

நான் கூடையோடு போய்ப் பார்த்தால் வேலி மொட்டையாக நிற்கிறது. வாசலுக்கு ஓடினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த தேர்வாளர், அம்மனுக்குச் சாத்தியது போல என் கேள்வித்தாள் மொத்தத்தையும் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்! எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் தமிழ்த் துறையின் மூத்த டீச்சர், “ஐயோ, இப்படிப் பண்ணிப்போட்டமே கண்ணு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தேர்வாளர் சிரித்தபடி மாலையைக் கழற்றி என் கூடையில் போட்டார். “காம்புலதானுங்க கட்டியிருக்கறாங்க, பூவுக்கு ஒண்ணும் ஆவல. பிரிச்சுக் குடுங்க, பரீட்சைய ஆரம்பிக்கலாம்.” தமிழ்த் துறை முழுவதும் ஆய்வகத்து வாசலில் வரிசையாக உட்கார்ந்து, கட்டிய மாலையைப் பூப்பூவாக அவிழ்த்துக் கொடுத்தது. தேர்வு நேரத்துக்கு ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் எல்லாத் துறைகளும் எங்கள் அறைக்கு வந்து சிரித்துத் தீர்த்தன. கணிதத் துறைகூட வாய்விட்டுச் சிரித்தது. தமிழ் டீச்சர், “நீங்க இங்கயே இருந்துருங்க கண்ணு, உங்கள உட்டுப்போட்டு நாங்க என்ன பண்ணுவம்” என்றார். யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. வரும் வருடத்துக்கு எந்தச் செடியை எங்கே வைப்பது என்று மனதுக்குள் தோட்டம் போட ஆரம்பித்துவிட்டேன்.

ஏப்ரலில், விடுப்பில் இருந்த அந்தத் தாவரவியல் டீச்சர் வந்தார். குழந்தையை விலங்கியல் டீச்சரிடம் கொடுத்துவிட்டு அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மைக்ரோஸ்கோப்பில் நான் வைத்திருந்த வெங்காயத் தோலைக் குனிந்து பார்த்தவர், திருகைத் திருகிக்கொண்டே நின்றார். குழந்தை அழுதது அவர் காதில் விழவே இல்லை. விலங்கியல் டீச்சர்தான் அதை வெளியே தூக்கிக்கொண்டு போய்ச் சமாதானம் செய்தார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

“உங்ககிட்டக் கேக்கக் கூடாதுதானுங்க,” என்றார் நிமிராமலே. “ஊட்ல அத்தனை பேரும் வேல போதும்ங்கறாங்க. இங்க இருக்கறவங்க மொகத்துக்காவ வாங்கம்பாங்க. நான் வரட்டுங்களா, வேண்டாங்களா? நீங்க சொல்லுங்க.”

ஒரு வருடமாக நான் வேண்டிக்கொண்டது என் நாக்கு நுனியில் வந்து நின்றது. குழந்தைதானுங்க முக்கியம் என்று ஒரு வரி சொன்னால் போதும். ஊரே நல்ல புத்தி என்று மெச்சும். அவர் நிமிர்ந்தார். மைக்ரோஸ்கோப்பில் அழுத்திய இமை சிவந்திருந்தது. இந்த அறையை என்னைப் போலவே, என்னைவிட அதிக காலமாக, ஒருத்தி வேண்டி நின்றிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“வந்துருங்க டீச்சர்,” என்றேன்.

“அப்ப நீங்க?”

“எனக்கு வயசு இருக்குதுங்க.”

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நல்லது செய்துவிட்ட நிறைவு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பொறாமைதான் வந்தது.

சில வருடங்கள் கழித்து அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து, இப்போது ஓய்வும் நெருங்குகிறது. எங்கேயும் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் ‘என் பள்ளிக்கூடம்’ என்று சொல்ல வாயெடுத்தால், ஒரு வருடம் மட்டும் இருந்த அந்த அறைதான் வருகிறது. அதற்கான ஏக்கம் இத்தனை வயதுக்கு மேலும் தீரவில்லை.

அந்த வருடம் ஜூனில் பள்ளிகள் திறந்த அன்று, தாராபுரத்தில் எங்கள் வீட்டில் விடிவதற்கு முன்பே எழுந்து குளித்தேன். கஞ்சி போட்ட புடவையைக் கட்டி, தலை பின்னி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். “இந்நேரத்துக்கு எங்க கண்ணு கெளம்பீட்ட?” என்று கேட்டாள் அம்மா.