ஹெட்செட்டுக்குப் பொட்டு வைத்தவள்

உத்திரமேரூரில் நான் வேலை பார்க்கும் பயிற்சி சென்டருக்கு ஒரே நாளில் இரண்டு வி.ஆர். ஹெட்செட்டுகள், கண்ணில் மாட்டினால் கிடங்குக்குள்ளேயே நிற்பதுபோல் படம் காட்டுபவை, வந்து இறங்கின. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களை நிஜ வண்டியில் ஏற்றும் முன் இதை மாட்டிப் பழக்க வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டையும் பதினைந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். எது நல்லது என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பை முதலாளி என் தலையில் கட்டினார். அதுவரை பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

இரண்டையும் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்தேன். பெரியது கனம், கம்ப்யூட்டரோடு ஒயரால் இணைக்க வேண்டும். அறையின் இரண்டு மூலைகளில் சின்னப் பெட்டிகளை நிறுத்தினால் அவை நம் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும். படம் அப்படி ஒரு தெளிவு. கிடங்கில் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைக்கூடப் படிக்கலாம். சின்னதில் ஒயர் இல்லை, பெட்டி இல்லை, படம் மட்டும் கொஞ்சம் மங்கல். அதன் முகப்பில் நான்கு மூலையிலும் கருப்பாக நான்கு வட்டம் இருந்தது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கூட வந்த புத்தகத்தை நான் பிரிக்கவே இல்லை. அன்று மாலையே பெரியதுதான் நல்லது என்று அரைப்பக்கம் எழுதி வைத்துவிட்டேன்.

என் தீர்ப்பைக் கெடுத்தவள் திருப்புலிவனத்திலிருந்து வந்த ஒருத்தி. நாற்பதை எட்டப் போகிற வயது. ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியின் கேன்டீனில் ஆறு வருடமாகத் தட்டு கழுவுகிறாள். மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் வேனில் வந்து இறங்கி நேராக எங்கள் சென்டருக்கு வருவாள். தட்டு கழுவும் தொட்டிக்கு நேரே ஒரு ஜன்னலாம். அதற்கு வெளியே நாள் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் போய்க்கொண்டே இருக்குமாம். அந்தக் கம்பெனியிலேயே ஓட்டுநராகச் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஆள் எடுக்க அங்கிருந்து சூப்பர்வைசர் வரப் போகிறார், ஹெட்செட்டில்தான் பரீட்சை, ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு என்று சொல்லியிருந்தார்கள்.

பெரியதை மாட்டியதுமே தகராறு. அதன் பட்டை அவள் கொண்டை மேல் ஏறி நின்றது. கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டு ஒருவழியாக மாட்டினால், பத்தாவது நிமிடம் வெளியே ஓடிப் போய் வாந்தி எடுத்தாள். மறுநாளும் அதே கதை. வெறும் வயிற்றோடு வந்தால் இப்படித்தான் ஆகும் என்று நான் எரிந்து விழுந்தேன்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னாள். "நல்லா துன்னுட்டுத்தான் வந்தேன் மேடம். தல மொதல்ல திரும்புது, படம் அப்பறமாத்தான் வருது. நீங்களே முழுசா ஒரு பாடம் மாட்டிப் பாருங்களேன்."

மாட்டினேன், வீம்புக்குத்தான். பதினைந்தாவது நிமிடம் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்த நான், அன்று ராத்திரி சாப்பாட்டுப் பக்கமே போகவில்லை. எங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு அந்தத் தெளிவான படத்தை வேகமாக அனுப்பச் சக்தி இல்லை. சின்னது அப்படி இல்லை. நாம் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பியது. அதன் பட்டை பின்பக்கம் இரண்டாகப் பிரிவதால் கொண்டை நடுவில் ஜம்மென்று உட்கார்ந்தது. எண்ணெய்த் தலைதான் ஒரே தொல்லை. நெற்றிப் பஞ்சு ஊறிப் போகாமலிருக்க எல்லோரையும் கைக்குட்டை கட்டிக்கொள்ளச் சொன்னேன். நான்கே நாளில் அவள் ஒரு பெட்டியையும் இடிக்காமல் பாடத்தை முடித்தாள். எழுதிய அரைப்பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெரியதைத் திருப்பி அனுப்பினேன்.

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டர், பிரிண்டர், முதலாளியின் பைக் என்று ஒன்று விடாமல் துடைத்து, சந்தனம் குழைத்து, வரிசையாகப் பொட்டு வைத்தேன். ஹெட்செட்டுக்கு எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான்கு வட்டமும் பொட்டுக்கென்றே இடம் விட்டதுபோல் இருந்தன. நான்கிலும் தடிமனாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடமாட்டோம். பொட்டைத் துடைக்கவும் மாட்டோம், அது தானாக உதிர வேண்டும். எங்கள் பக்கத்து பைக்குகளில் பொங்கல் வரைக்கும்கூட அந்தப் பொட்டு இருக்கும்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் சூப்பர்வைசர் வந்தார். அதுவரை லீவு, ஹெட்செட்டை யாரும் மாட்டவில்லை. முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிட்டார். மாட்டிய கையோடு அவள் தடுமாறினாள். கிடங்கின் படம் எதிரே இருந்த திரையிலும் தெரியும். தரை தண்ணீரில் மிதப்பதுபோல் அலைந்தது. வண்டி நேராகப் போய் அடுக்கில் மோதி, பெட்டி சரிந்தது. எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. இத்தனை நாள் பழகியும் இப்படிப் பயப்படுகிறாளே என்று மனதுக்குள் திட்டினேன்.

அவர் மரியாதையாகவே பேசினார். இந்த வயதில் எல்லோருக்கும் இது ஒத்துவராது, வருத்தப்பட வேண்டாம் என்றார். தாளில் அவள் பெயர் மேல் ஒரு கோடு கிழித்தார். அவள் ஹெட்செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நெற்றியில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து மடித்தாள்.

அப்போதுதான் அதன் முகத்தைப் பார்த்தேன். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கப் பெரியதற்கு மூலைப் பெட்டிகள் இருந்தன. இதற்கு ஒன்றுமே இல்லையே, இது எதை வைத்துப் பார்க்கிறது? நான்கு வட்டத்திலும் என் சந்தனம் காய்ந்து கிடந்தது. இது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் இத்தனை நாள் எல்லாம் தெரிந்ததுபோல் நடந்ததெல்லாம் காற்றில் போய்விடும். அவளோ செருப்பு மாட்டிக்கொள்ள வாசலுக்குப் போய்விட்டாள்.

"சார், தப்பு அவங்க மேல இல்ல. கேமரா மேல பொட்டு வச்சது நான். அது கேமராவா இருக்கும்னு எனக்குத் தெரியல," என்றேன். முதல் முறையாகத் தெரியவில்லை என்று நாலு பேர் எதிரில் சொன்னேன்.

அவர் ஹெட்செட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் சிரிப்பை அடக்கினார், பிறகு அடக்க முடியவில்லை. அவர்கள் கம்பெனியிலும் ஒரு தடவை கேட்டில் வண்டி வருவதைப் பார்க்கிற கண்ணுக்குப் பொட்டு வைத்துவிட்டார்களாம். கேட் பாதி நாள் திறக்கவே இல்லையாம். நான் கண்ணாடி துடைக்கும் துணியை நனைத்து, நான்கு வட்டத்தையும் என் கையாலேயே துடைத்தேன். வாசலில் இருந்தவளை அவரே போய்க் கூப்பிட்டார்.

இரண்டாவது தடவை தரை தரையாகவே நின்றது. அவள் வண்டியின் முன்னால் நீட்டிய முள்ளை மெதுவாக இறக்கினாள், பெட்டிகள் அடுக்கிய பலகைக்கு அடியில் விட்டாள், தூக்கினாள், பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். பன்னிரண்டு அடுக்கு. ஒன்றுகூட உரசவில்லை. எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவும் தோன்றவில்லை.

அவர் பழைய கோட்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவு தூரம் வருவதற்கு வண்டி இருக்கிறதா என்று கேட்டார்.

"கீது சார், நம்ம கம்பெனி வேன்தான். ஆறு வருசமா அதுலதான் வந்துக்கினு கீறேன்."

அவர் அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். எந்தப் பிரிவு என்று கேட்டார்.

"கேன்டீன் சார். நீங்க துன்னுட்டு ஜன்னலாண்ட வெச்சிட்டுப் போற தட்ட நான்தான் கழுவறேன்," என்றாள். "திங்கக்கெழமைல இருந்து அதுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடுங்க."